காணாத எதிராளியும் காணும் இறைவனும்

 

வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்தும், அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்துச் சொல்லியும் ஆரம்பம் செய்கிறேன்.

வியாபாரத்தில் நேர்மை, வாக்குறுதியில் நேர்மை, சாட்சியத்தில் நேர்மை என்று இந்த மிம்பரிலிருந்து நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று விளையாட்டில் நேர்மை என்பதைப் பற்றிச் சில விஷயங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதிலும் குறிப்பாக, நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியிலும் கணினியிலும் ஆடும் இணையவழிச் சதுரங்கத்தைப் பற்றியது இந்த உரை. ஜும்ஆ உரையில் சதுரங்கமா என்று சிலர் வியப்படையக்கூடும். தனியறையில், யாரும் பார்க்காத வேளையில், முகம் தெரியாத ஒருவரோடு ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது ஈமானோடு தொடர்புடைய கேள்வி. அதனால்தான் இந்தத் தலைப்பு.

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தமது பதினெட்டாவது வயதில் உலகச் சாம்பியன் ஆனார். நம் ஊர்களில் இவ்விளையாட்டைக் கற்காத பிள்ளைகள் குறைவு என்னும் நிலை உருவாகி வருகிறது. எனவே இது நம் வாசலுக்கு வந்துவிட்ட விஷயம்.

மார்க்க அறிஞர்களின் கருத்து

சதுரங்கம் முஸ்லிம் உலகுக்குப் புதியதன்று. இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குச் சென்று, ‘ஷத்ரன்ஜ்’ என்ற பெயரில் வழங்கி, அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்அத்லீ, பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதின் அஸ்ஸூலீ ஆகியோர் இதற்கெனவே நூல்கள் எழுதினர்.

இதை ஆடுவது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் இதைக் கடுமையாக வெறுத்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில், சூதாட்டம் கலவாமல், தொழுகை தவறாமல், தீய பேச்சு இல்லாமல் ஆடினால் ஹராம் ஆகாது, மக்ரூஹ் என்ற அளவில் நிற்கும் என்பது பிரபலமான கருத்து. அந்த விவாதத்திற்குள் இன்று நாம் நுழையவில்லை. அவரவர் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எந்த இமாமுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஏமாற்றுவது ஹராம். அது கடைவீதியில் நடந்தாலும் கட்டங்கள் வரைந்த பலகையில் நடந்தாலும் ஹராமே.

மோசடி எப்படி நடக்கிறது?

1997ஆம் ஆண்டு ‘டீப் புளூ’ என்ற கணினி, அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. அதற்கு ஒரு பெரும் இயந்திரம் தேவைப்பட்டது. இன்று ‘ஸ்டாக்ஃபிஷ்’ போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. சாதாரணக் கைபேசியில் இயங்கும் அந்த மென்பொருளை உலகச் சாம்பியனாலும் வெல்ல இயலாது. எனவே ஒரு திரையில் ஆடிக்கொண்டே, இன்னொரு திரையில் அந்த மென்பொருளிடம் அடுத்த நகர்த்தலைக் கேட்டு, அதைத் தன் நகர்த்தலாக வைப்பது மிக எளிதாகிவிட்டது. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு ஆட்டம் முழுவதும் உதவி தேவையில்லை. நெருக்கடியான ஓரிரு இடங்களில் கிடைத்தாலே போதும்.

இதுமட்டுமன்று. அருகில் அமர்ந்து அண்ணனோ தந்தையோ பயிற்சியாளரோ சொல்லிக் கொடுப்பதும் மோசடியே. தன்னைவிடத் திறமை குறைந்தவர்களோடு மோதி எளிதாகப் பரிசு பெறுவதற்காக, வேண்டுமென்றே பல ஆட்டங்களில் தோற்றுத் தன் தரப்புள்ளியைக் குறைத்துக்கொள்வதும் மோசடியே. ஒருவரே பல பெயர்களில் கணக்குத் தொடங்கித் தனக்குத்தானே புள்ளி சேர்ப்பதும் அவ்வாறே.

யாருக்கு நட்டம்?

சில காலத்திற்கு முன் ஒரு தந்தை தம் மகனை அழைத்துக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். மகனுடைய சதுரங்கக் கணக்கை அந்த இணையதளம் முடக்கிவிட்டதாம். அநியாயம் செய்துவிட்டார்கள், எப்படி முறையிடுவது என்று அவர் ஆங்கிலக் கடிதத்தைக் காட்டினார். பையன் தலைகுனிந்து நின்றான். தனியே கேட்டபோது உண்மையைச் சொன்னான். சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டான். “ஹஜ்ரத், இதில் பணமே இல்லையே. யாருக்கு என்ன நட்டம்?”

அந்தக் கேள்வி பல பெரியவர்களின் உள்ளத்திலும் இருக்கிறது. ஆகவே அதற்குரிய பதிலைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். அதனுள் தம் கரத்தை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. விசாரித்தபோது, மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மோடு சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள செய்தி. இங்கே கவனியுங்கள். தானியம் நனைந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. மழை அல்லாஹ்வின் புறத்திலிருந்து வருவது. ஈரத்தை மறைத்து, உலர்ந்ததை மேலே காட்டியதே குற்றம்.

திறமைக் குறைவும் அப்படித்தான். ஒருவனுக்குச் சதுரங்கம் நன்றாக ஆட வராதது குற்றமன்று. அதை மறைத்து, இயந்திரத்தின் அறிவைத் தன் அறிவாகக் காட்டுவதே குற்றம்.

நட்டம் யாருக்கு? முதலாவதாக, எதிரே ஆடியவருக்கு. அவர் நேரத்தையும் சிந்தனையையும் செலவழித்தார். தன்னைப் போன்ற ஒரு மனிதனோடு மோதுகிறோம் என்று நம்பினார். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். அது பறிக்கப்பட்டது. அவரது தரப்புள்ளியும் குறைந்தது. இதனால்தான் சில தளங்கள், மோசடி உறுதியானதும் தோற்றவர்களுக்கு அப்புள்ளிகளைத் திருப்பித் தருகின்றன. திருப்பித் தர வேண்டிய ஒன்றை நாம் எடுத்திருக்கிறோம் என்றால், அது பிறர் உரிமை அன்றி வேறென்ன?

இரண்டாவதாக, உடனிருப்பவர்களுக்கு. 2020ஆம் ஆண்டு இணையவழியில் நடந்த ஓர் அணிப் போட்டியில் வெற்றி பெற்ற அர்மேனிய அணியின் ஓர் ஆட்டக்காரர் விதிகளை மீறினார் என்று செஸ்.காம் தளத்தார் முடிவு செய்தனர். அந்த ஆட்டக்காரர் அதை மறுத்தார். எனினும் முழு அணியின் வெற்றியும் ரத்தாகி, பட்டம் எதிரணிக்குச் சென்றது. ஒருவர் மீதான தீர்ப்பின் சுமையை அணி முழுவதும் சுமந்தது.

மூன்றாவதாக, செய்தவனுக்கே. அவன் வென்ற ஆட்டத்தில் அவனுடையது என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. தோற்றிருந்தால் ஒரு பாடமாவது மிஞ்சியிருக்கும்.

நிபந்தனை என்னும் வாக்குறுதி

கணினியின் உதவியே பாவமா என்று கேட்டால், இல்லை. ஆடி முடித்தபின் அதே மென்பொருளைக் கொண்டு தவறுகளை ஆராய்வது சிறந்த கல்வி. அஞ்சல்வழிச் சதுரங்கத்திற்கான சர்வதேசக் கூட்டமைப்பின் போட்டிகளில் கணினி உதவிக்கு அனுமதியே உண்டு. ஒரு நகர்த்தலுக்குப் பல நாள் அவகாசம் தரும் ஆட்டங்களில், சில தளங்கள் தொடக்க நகர்த்தல்களுக்குப் புத்தகங்களைப் பார்க்க அனுமதிக்கின்றன, மென்பொருளைத் தடுக்கின்றன.

ஒரே செயல் ஓரிடத்தில் ஆகுமானதாகவும் இன்னோரிடத்தில் மோசடியாகவும் ஆவது ஏன்? இரு தரப்பாரும் ஏற்றுக்கொண்ட நிபந்தனையே காரணம். கணக்குத் தொடங்கும்போது விதிகளை ஏற்கிறேன் என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோமே, அது விரலின் அசைவு மட்டுமன்று. அது ஓர் ஒப்பந்தம். முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழியிலிருந்து நம் ஃபுகஹாக்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை. எதிராளி முஸ்லிமா, வேறு மதத்தவரா, எந்த நாட்டவர் என்பதெல்லாம் இதில் எந்த வேறுபாட்டையும் ஏற்படுத்தாது.

போட்டியைச் சமநிலையில் அமைப்பதும் நபிவழியே. மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பந்தயத்திற்கென்று பயிற்சி தரப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையும், பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் தனித்தனியே தூரத்தை நிர்ணயித்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். சமமானவர்கள் சமமானவர்களோடு மோத வேண்டும் என்ற நீதி அதில் இருக்கிறது. இன்றைய தரப்புள்ளி முறையும் அதே நோக்கத்திற்காக ஏற்பட்டதே. வேண்டுமென்றே தோற்றுத் தன்னைத் தாழ்த்திக் காட்டுபவர், பயிற்சி பெற்ற குதிரையைப் பயிற்சி பெறாதவற்றின் வரிசையில் நிறுத்துகிறார்.

யார் பார்க்கிறார்?

அருமைச் சகோதரர்களே! மண்டபத்தில் நடக்கும் போட்டியில் நடுவர் இருப்பார். வீட்டு அறையில் யார் இருக்கிறார்?

உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருக்களில் வலம் வந்தபோது, ஒரு வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் நடந்த உரையாடலைக் கேட்ட வரலாறு நீங்கள் அறிந்ததே. பாலில் தண்ணீர் கலக்கச் சொன்னாள் தாய். கலீஃபா தடுத்திருக்கிறாரே என்றாள் மகள். உமர் இங்கே பார்க்கவா போகிறார் என்றாள் தாய். உமர் பார்க்காவிட்டாலும் உமரைப் படைத்தவன் பார்க்கிறானே என்று மறுத்தாள் அந்த ஏழைப் பெண். இணையவழி ஆட்டத்தில் ஓரிரு நகர்த்தல்களை மட்டும் மென்பொருளிடம் கேட்பவர், பாலில் சிறிதளவே தண்ணீர் கலந்தேன் என்பவரைப் போன்றவர். கலந்த அளவு குறைவு என்பதால் அது தூய பால் ஆகிவிடாது.

உலகத்துக் காவலும் இப்போது வலுவாக இருக்கிறது. ஆட்டக்காரரின் நகர்த்தல்கள் மென்பொருளின் நகர்த்தல்களோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன, எளிய நகர்த்தலுக்கும் கடினமான நகர்த்தலுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்கிறாரா, ஆட்டத்தின் நடுவே வேறு திரைக்குச் சென்று வருகிறாரா என்றெல்லாம் ஆராய்கிறார்கள். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ரீகன் இதற்கான புள்ளியியல் முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். ஆனால் இந்தக் காவலில் தப்பியவர்களும் உண்டு. அல்லாஹ்வின் பார்வையில் தப்பியவர் எவரும் இல்லை. கண்டுபிடிக்கப்படுவோம் என்ற அச்சத்தால் மட்டுமே நேர்மையாக இருக்கும் பிள்ளை, அச்சம் நீங்கிய நாளில் நேர்மையையும் கைவிட்டுவிடும்.

வெற்றியிலும் தோல்வியிலும் பண்பு

மோசடி செய்யாமல் இருப்பது குறைந்தபட்சக் கடமை. அதற்கு மேலே அழகிய நற்குணம் என்னும் படி உள்ளது.

அல்அள்பா என்ற பெயருடைய நபிகளாரின் ஒட்டகத்தை எந்த ஒட்டகமும் பந்தயத்தில் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது மனவருத்தத்தைத் தந்தது. நபியவர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கிராமவாசியிடம் கோபிக்கவில்லை, மறுபந்தயம் கேட்கவில்லை. உலகில் உயர்ந்த எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று தோழர்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடித் தோற்றதும், பின்னொரு நாள் வென்று அது இதற்கு ஈடாயிற்று என்று புன்னகையோடு சொன்னதும் நாம் அறிந்த செய்திகள். தோல்வியை இவ்வளவு இயல்பாக ஏற்ற தலைவரின் உம்மத்தினர் நாம். ஓர் ஆட்டம் தோற்றதற்காகக் கைபேசியைத் தரையில் எறியலாமா?

தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் நகர்த்தாமல் கடிகாரத்தை ஓடவிட்டு எதிராளியைக் காக்கவைப்பது, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓடுவது, அரட்டைப் பெட்டியில் திட்டுவது ஆகியன இணைய ஆட்டத்தில் அன்றாடம் காணப்படும் இழிசெயல்கள். இறுதிவரை போராடுவது தவறன்று, அது உரிமை. நேரம் முடிந்து வெல்வதும் விதிக்கு உட்பட்டதே. ஆனால் போராடாமலேயே பிறருடைய நேரத்தை வீணாக்குவது தொல்லை தருவதாகும்.

இதற்கு மாறான ஒரு காட்சியைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு ஓர் இணையவழிப் போட்டியின் அரையிறுதியில் அன்றைய உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனும் சீனாவின் டிங் லிரெனும் மோதினர். ஓர் ஆட்டத்தில் டிங்கின் இணைய இணைப்பு அறுந்து, நேரம் முடிந்து, அவர் தோற்றதாகக் கணக்கிடப்பட்டது. விதிப்படி அந்த வெற்றி கார்ல்சனுடையது. ஆனால் அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கார்ல்சன் தம் ராணியை வலிய இழந்து, தோல்வியை ஏற்றுக்கொண்டார். தமக்கு உரியதல்ல என்று தோன்றியதைத் திருப்பிக் கொடுத்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த முதல் இணையவழி ஒலிம்பியாடில் நம் நாட்டுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. காலிறுதியில் அர்மேனிய வீரர் ஒருவரின் இணைப்பு அறுந்து, அவர் இந்திய வீரரிடம் தோற்றார். அர்மேனியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை. அந்த அணி விலகியது. பின்னர் ஆகஸ்ட் 30 அன்று ரஷ்யாவுடனான இறுதிப்போட்டியில், இணையச் சேவையில் உலகளவில் ஏற்பட்ட கோளாறினால் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்து நேரத்தில் தோற்றனர். இந்தியா முறையிட்டது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் அர்காடி த்வோர்கோவிச் இரு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார். இரு கோளாறுகளின் காரணமும் ஒன்றல்ல. ஆயினும் நமக்கு ஒரு கோளாறு நேரும்போது எந்தக் கருணையை எதிர்பார்க்கிறோமோ, அதையே பிறருக்கும் விரும்ப வேண்டும் என்ற நபிகளாரின் போதனையை இது நினைவூட்டுகிறது.

சந்தேகம் என்னும் மறுபக்கம்

இப்போது எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டிய ஒன்று. மோசடி பெருகியபின், தோற்றவர் எல்லாம் வென்றவரைத் திருடர் என்று சொல்லும் வழக்கமும் பெருகிவிட்டது. மோசடி பாவம் என்றால், ஆதாரமற்ற பழியும் பாவமே. அதிகமான சந்தேகங்களையும், துருவித் துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் ஒரே இடத்தில் சேர்த்துத் தடுக்கிறது. வாதிப்பவரே ஆதாரம் தர வேண்டும் என்பது இஸ்லாமிய நீதிமுறையின் அடிப்படை.

2022ஆம் ஆண்டு நேரடிப் போட்டி ஒன்றில் அமெரிக்க இளைஞர் ஒருவரிடம் தோற்றபின் கார்ல்சன் அப்போட்டியிலிருந்தே விலகினார். அந்த இளைஞர் சிறுவயதில் இணையத்தில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டவர். ஆனால் நேரடி ஆட்டத்தில் ஒருபோதும் ஏமாற்றியதில்லை என்றார். 2023 டிசம்பரில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் ஒழுங்கு ஆணையம், தக்க காரணமின்றி விலகியதற்காகக் கார்ல்சனுக்குப் பத்தாயிரம் யூரோ அபராதம் விதித்தது. மற்றக் குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது. இதில் இரு பாடங்கள் உள்ளன. ஒருமுறை ஏமாற்றியவனின் உண்மையான வெற்றியையும் உலகம் நம்பத் தயங்குகிறது. அதே வேளையில், உலகச் சாம்பியனே ஆனாலும் சந்தேகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத அவருக்கு உரிமையில்லை.

அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி, இணையம் வழியே எண்ணற்றோருக்குச் சதுரங்கம் கற்பித்தவர். முன்னாள் உலகச் சாம்பியன் ஒருவர் அவர்மீது பொதுவெளியில் சந்தேகம் எழுப்பி வந்தார். அவர் அதை மறுத்தார். அது தம்மை எவ்வளவு வருத்தியது என்றும் பேசினார். 2025 அக்டோபரில் இருபத்தொன்பது வயதில் அவர் காலமானார். அவருடைய மரணத்தை அந்தப் பழியோடு இணைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. ஆனால் உயிரோடு இருந்தபோது அவர் பட்ட வேதனை உண்மை. சந்தேகம் வந்தால் தளத்தின் நிர்வாகத்திற்கு அமைதியாகத் தெரிவியுங்கள். தீர்ப்பை அவர்களிடம் விடுங்கள். நாவைக் காத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழி

இவ்வுரையில் தவறிழைத்தவர்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் சிலரின் பெயர்களை நான் சொல்லவில்லை. நமக்குப் படிப்பினையே தேவை. 2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்கள் சிலரோடு இணையவழியில் ஆடினார். அவரை வென்ற ஒரு தொழிலதிபர், மறுநாளே தாம் பிறருடைய உதவியையும் கணினியின் உதவியையும் பெற்றதாகப் பொதுவில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆனந்த் அவரை ஏசவில்லை. தாம் பலகையில் இருந்த நிலையைப் பார்த்து ஆடியதாகவும், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் மட்டும் குறிப்பிட்டு நிறுத்திக்கொண்டார். ஒப்புக்கொள்வதிலும் ஒரு பண்பு உண்டு. ஒப்புக்கொண்டவரை விட்டுவிடுவதிலும் ஒரு பண்பு உண்டு.

தவ்பாவின் நிபந்தனைகளை நாம் அறிவோம். பாவத்தை உடனே விடுவது, மனம் வருந்துவது, இனிச் செய்யமாட்டேன் என உறுதி கொள்வது. அது அடியார்களின் உரிமையோடு தொடர்புடையதாக இருந்தால் நான்காவதாக, உரியவரிடம் அந்த உரிமையைச் சேர்ப்பிப்பது. அந்தப் பையனுக்கும் இதைத்தான் விளக்கினேன். ஏமாற்றப்பட்டவர்கள் யார், எங்கிருக்கிறார்கள் என்று அவனால் தேட முடியாது. ஆனால் தளத்தின் நிர்வாகத்திற்கு உண்மையை எழுத முடியும். பரிசு எதுவும் பெற்றிருந்தால் திருப்பித் தர முடியும். தெரிந்த நண்பனை ஏமாற்றியிருந்தால் நேரில் சென்று ஹலால் கேட்க முடியும்.

தந்தை கொண்டுவந்த கடிதத்திற்குப் பதில் அன்று மாலையே எழுதப்பட்டது. நாங்கள் நிரபராதி என்ற முறையீடாக அல்ல, செய்தேன் என்ற ஒப்புதலாக அது சென்றது. எழுதியவன் மகன், அருகில் இருந்தவர் தந்தை. கணக்குத் திரும்பக் கிடைக்குமா என்று அவன் கேட்டான். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உன் கணக்கு இன்னோரிடத்தில் எழுதப்படுகிறது என்று சொன்னேன்.

பெற்றோர்களே! பிள்ளை ஆடி முடித்ததும் ஜெயித்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள். எப்படி ஆடினாய் என்று கேளுங்கள். தரப்புள்ளி ஏறிய நாளில் மட்டும் இனிப்பு வாங்கித் தந்து, இறங்கிய நாளில் முகம் சுளித்தால், ஏமாற்றுவதற்கான முதல் தூண்டுதல் நம்மிடமிருந்தே செல்கிறது. நேர்மையாகத் தோற்று வந்த நாளிலும் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். ஆட்டத்தை வீட்டின் பொது இடத்தில் வைத்து ஆடச் செய்யுங்கள். பாங்கு ஒலித்தால் ஆட்டத்தை நிறுத்தப் பழக்குங்கள். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களின் பக்கமே விடாதீர்கள். பரிசுப் போட்டியில் தொழுகை நேரம் குறுக்கிடுமானால் முன்கூட்டியே அமைப்பாளர்களிடம் பேசுங்கள்.

இன்று முகம் தெரியாத எதிராளியிடம் நேர்மையாக நடக்கும் பிள்ளை, நாளை முகம் தெரியாத வாடிக்கையாளரிடமும் நோயாளியிடமும் நேர்மையாக நடப்பான். சிறிய பலகையில் பழகிய கை, பெரிய தராசையும் சரியாகவே பிடிக்கும்.

தனிமையிலும் மக்கள் முன்னிலையிலும் ஒரே விதமாக நடக்கும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.